ஆர்ச் ஸ்டாப்

எங்கள் ஊர் ஆர்ச்சின் உச்சியில் சிமெண்டில் செய்த இரண்டு மயில்கள் இருந்தன. காரைக்குடியிலிருந்து கண்டரமாணிக்கம் போகிற பஸ்ஸில் வரும்போது, மயில்கள் தெரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவோம். பள்ளிப் புத்தகத்தில் அதற்குத் தோரண வாயில் என்று பெயர். வளைவு என்றும் சொல்லலாம்தான்; ஆனால் எங்களுக்கு வளைவு என்றால் ரோடு திரும்புகிற இடம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூட அறியாதவர்களும் ஆர்ச் என்றே சொன்னார்கள். மாப்பிள்ளை அழைப்பு அங்கிருந்துதான் புறப்படும். வெளியூரில் இறந்தவரைப் பங்காளிகள் எதிர்கொள்வதும் அங்கேதான். வீட்டுக்கு வழி கேட்டால், ஆர்ச்சுக்கு இங்குட்டு, அங்குட்டு என்று கைகாட்டுவோம்.

ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் ஒரே காலைப்பொழுதில் அதை இடித்துத் தள்ளினார்கள். இன்றும் ஆர்ச் என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறோம்.

சித்தப்பாவுக்கு அப்போதே மறதி தொடங்கியிருந்தது. என்னை என் தம்பியின் பெயர் சொல்லி அழைப்பார். ஆனாலும் தினமும் தனியாகக் காரைக்குடிக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவதை மட்டும் விடமாட்டார். "நான் என்ன அசலூர்க்காரனா, தொலைஞ்சு போக?" என்று சித்தியிடம் சீறுவார். அவரிடம் மிஞ்சியிருந்த மிடுக்கு அது ஒன்றுதான். பயந்துகொண்டே விட்டுவைத்தோம். ஆர்ச்சை இடித்ததை அவரிடமும் சொன்னோம். தலையாட்டினார், மனதில் தங்கவில்லை.

மறுநாள் மதியமாகியும் ஆளைக் காணோம். சித்தப்பாவின் சட்டைப் பையில் நாங்கள் எழுதி வைத்திருந்த எண்ணைப் பார்த்து, கண்டரமாணிக்கத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். ஓடினேன். சித்தப்பா மடியில் துண்டை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சித்தப்பா, இறங்காம விட்டுட்டீக? கண்டக்டர் சத்தம் போட்டிருப்பாரே?"

"போட்டாருப்பா. எட்டிப் பார்த்தேன், ஆர்ச்சைக் காணோம். அவருதான் தப்பாச் சொல்றாருன்னு உக்காந்துட்டேன். ஆர்ச் வந்தா இறங்காமயா இருப்பேன்?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் அந்தச் சொல்லே போதுமாயிருந்தது. அவருக்கு அந்தத் தூணும் மயிலும் வேண்டியிருந்தன.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், "ஆர்ச்செல்லாம் இறங்கு" என்றார். சித்தப்பா வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான் சித்தப்பா."

"சரி, நீ சொல்றியேன்னு இறங்குறேன்."

கீழே இறங்கியதும் அவராகவே கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் காலை, தினமும் கட்டிப் போகும் வெளுத்த வேட்டியை அவர் எடுத்துக் கட்டவில்லை. காரைக்குடிக்குப் போக வேண்டும் என்று அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.