வாசலில் சொல்ல ஒரு சாக்கு

எங்கள் அண்ணிக்கு அண்ணனின் நண்பர்கள் வைத்த பெயர் கஸ்டம்ஸ். வாசலிலேயே நிறுத்தி, "ஷூவைக் கழட்டிட்டு வாங்க" என்று சொல்லுவார் என்பதற்காக. அண்ணனுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. அவர் தங்கமானவர். என் கூடப் பிறந்தவர்தான், ஆனாலும் சொல்கிறேன், அவர் ஊருக்கு நல்லவராக இருந்ததற்கெல்லாம் அண்ணியின் இடுப்புதான் ஒடிந்தது.

அண்ணன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வீட்டுக்கு ஆள் வந்தபடியே இருக்கும். அழைப்புமணி அடித்தால், அண்ணி சமையலறையிலிருந்து வருவதற்குள் அண்ணன் கதவைத் திறந்து, "அட, பரவால்ல சார், அப்படியே வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார். மழைநாளில் பஸ் நிறுத்தத்துச் சேறு சோபாவரைக்கும் வந்துசேரும். வந்தவர் கிளம்பியதும் அண்ணன் போனோடு பால்கனிக்குப் போவார், அண்ணி வாளியோடு முழங்காலில் உட்காருவார்.

முழங்காலில் உட்காருவது அவருக்குப் புதிதல்ல. பெரிய துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் பிரிவில் வேலை. புதுப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஆண்கள் கண்ணாடிமுன் நிற்பார்கள். அண்ணி அவர்கள் காலடியில் மண்டியிட்டு, ஓரத்தை மடித்து, குண்டூசி குத்தி, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். உயரம் சரியாக வர வேண்டுமென்றால் ஷூவோடுதான் நிற்க வேண்டும். "கடையில போட்டுக்கோங்கன்னு கெஞ்சறேன், வீட்டுல கழட்டுங்கன்னு கெஞ்சறேன். நம்ம தலையெழுத்து ஷூவோட போயிடுச்சு" என்று ஒருமுறை சிரித்தார். பகல் முழுக்க மூக்குக்கு நேரே ஷூக்களைப் பார்க்கிறவருக்கு, அவை எதையெல்லாம் மிதித்துவிட்டு வருகின்றன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெறுமனே சொன்னால் எவரும் கேட்பதில்லை. "ஒரு நிமிஷம்தாங்க, லேஸ் கட்டின ஷூ" என்பார்கள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி பேசிவிட்டு, காபி வந்ததும் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். அதனால் அண்ணி சாக்குச் சொல்லப் பழகினார். முதல் சாக்கு உண்மையானதுதான். "குழந்தை தவழறான், கையை வாயில வச்சுக்கறான்." உடனே கழற்றினார்கள். அந்தச் சாக்கை விட மனமில்லாமல் கொஞ்ச காலம் இழுத்துவிட்டார். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் வாசலில் குனிந்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது, பையன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி ஓடினான். "தவழற குழந்தை இதுதானாம்மா?" என்று கேட்டுவிட்டார் மனிதர். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கஸ்டம்ஸ் என்ற பெயர் வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்புறம் எங்கள் அப்பா அங்கே வந்து தங்கினார். அவருக்கு மூச்சிரைப்பு. "மாமாவுக்குத் தூசி ஆகாது" என்பது அடுத்த சாக்கு. அப்பா போன பிறகு, "தரை ஈரமா இருக்கு, வழுக்கும்" என்பது. அது பாதிப் பேரிடம்தான் எடுபட்டது. தரையைத் துடைப்பவள் சொல்கிறாள் என்ற ஒரே காரணம் மட்டும் ஒருநாளும் போதவில்லை. அண்ணன் ஒரே ஒருமுறை வாசலில் நின்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். "வர்றவங்கள கழட்டுன்னு சொல்றது மரியாதையா?" என்பார். அவருடைய மரியாதைக்கு வாளி தூக்கியது யார் என்று நான் நேராகவே கேட்டிருக்கிறேன். பதிலுக்கு எனக்கு வாய் நீளம் என்றார்.

போன வருஷம் அண்ணிக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொட்டியது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லை, கிருமி எதுவும் அண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹாலிலேயே கட்டில் போட்டோம். நான் பகலில் போய்க் கூட இருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் வெளியிலேயே ஷூவைக் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. சாக்ஸையும் உருவி ஷூவுக்குள் திணித்தவர்கள் உண்டு. கஸ்டம்ஸ் என்று பெயர் வைத்த நண்பர்களில் ஒருவரே குழாயில் கால் கழுவிவிட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்தது. வராந்தாச் சுவர் ஓரமாக ஷூக்கள் லிஃப்ட் வரைக்கும் வரிசையாக இருந்தன. அண்ணி படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து, "பாத்தீங்களா அண்ணி, கடைசியில எல்லாரும் திருந்திட்டாங்க" என்றேன்.

"கட்டிக்குக் கழட்டறாங்கம்மா" என்றார் அண்ணி. "எனக்கு இல்ல. நான் எத்தனை வருஷமா வாய் வலிக்கச் சொன்னேன்."

வாய் நீளம் என்று பெயர் வாங்கிய நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

அண்ணி தேறிவிட்டார். முடி கட்டையாக முளைத்திருக்கிறது. கடைக்கும் போகிறார், ஆனால் சீக்கிரம் களைத்துவிடுகிறார். முன்பெல்லாம் வாளியோடு உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இப்போது பாதியில் சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்குகிறார்.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தபோது அண்ணனின் கிளை மேனேஜர் வந்தார். அண்ணன் வருஷக்கணக்காக எதிர்பார்க்கும் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. அண்ணன் கதவைத் திறந்தார். எப்போதும் போல உள்ளே இழுக்கவில்லை.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்க. ஷூவை மட்டும்…"

"அடடா, கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்." மேனேஜர் முகத்தில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டு குனிந்தார். ஒரு முடிச்சை அவிழ்த்தும் விட்டார்.

அண்ணி ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்தார்.

"எனக்கு இப்ப ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கேன். தரையைத் துடைக்கறது நான், அதனாலதான் கழட்டச் சொல்றோம்."

மேனேஜரின் கை லேஸிலேயே நின்றது. நோயாளி என்றதும் குனிந்த மனிதர், நோய் இல்லை என்றதும் நிமிர்ந்தார். "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லி, அவிழ்ந்த லேஸோடு ஒரு காலைத் தூக்கி வாசற்படிக்குள் வைத்தார்.

"கழட்டிட்டு வாங்க சார்" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை, கோபமும் இல்லை. அலுத்துப்போன குரல்தான், ஆனால் அவர் இடத்தைவிட்டு நகரவில்லை.

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன், உதவி செய்ய எனக்கு உத்தேசமில்லை.

"இல்ல, எனக்கும் நேரமாச்சு. இங்கயே பேசிடலாமே" என்று மேனேஜர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அண்ணன் வெறுங்காலோடு அவர் பின்னால் வராந்தாவுக்குப் போனார். லிஃப்ட் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஒரு சின்னப் பொய். நான்தானே சொன்னேன். நீ சும்மா இருந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

அண்ணி கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "இருந்த சாக்கெல்லாம் சொல்லித் தீர்த்துட்டேங்க. இனிமே வேணும்னா, நிஜமாவே அது திரும்பி வந்தாத்தான் உண்டு."

வெகுநேரம் அண்ணன் வாசற்படிக்கு வெளியேயே நின்றார். அப்புறம், வராந்தா அழுக்கு ஒட்டியிருந்த பாதங்களை ஒவ்வொன்றாகக் கால்மிதியில் தேய்த்துத் துடைத்தார். அண்ணி அதைப் பார்க்கவில்லை. அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்.