கூட்டி வரலை

ஒரு பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்ப்பார் அந்த டவாலி. சத்தம் வராது. உதடு லேசாக அசையும், குரல்வளை ஒரு தடவை ஏறி இறங்கும். புதுச் செருப்பைக் கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்க்கிற மாதிரிதான். பிறகு கதவு நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டு, உடம்பில் பாதியைக் கோர்ட் வராந்தாவுக்கு நீட்டி, தகப்பன் பெயரோடு சேர்த்து மூன்று தரம் கூப்பிடுவார். பம்பு செட் திருடியதாகச் சொல்லப்பட்டவரானாலும் சரி, பத்திர ஆபீஸே தன்னுடையது என்பதுபோல் நடக்கிறவரானாலும் சரி, ஒரே நீளம், ஒரே மரியாதை. எந்தப் பெயரையும் அவர் கடித்துத் துப்பியதில்லை.

வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் வெண்கலம். "வெண்கலம் கூப்பிட்டா சுடுகாட்டுல இருந்தும் எந்திரிச்சு வந்து ஆஜராவான்" என்று கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மூன்றாவது தரம் கூப்பிட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் நிற்பார். யாரும் வரவில்லை என்றால் உள்ளே திரும்பி பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்வார். பெஞ்ச் கிளார்க் தலை நிமிர்கிற பழக்கம் இல்லாதவர். அவருடைய கண் மேஜைக்கு, காது வெண்கலத்துக்கு. காதில் விழுந்ததைப் பேனா எழுதிக்கொண்டே போகும். ஜாமீனில் இருப்பவர் வராவிட்டால் டவாலி "வரலை" என்பார். பேனா 'ஆஜராகவில்லை' என்று எழுதும். ஜெயிலில் இருப்பவர் வராவிட்டால் "கூட்டி வரலை" என்பார். பேனா 'ஆஜர்படுத்தப்படவில்லை' என்று எழுதும். முன்னதில் குற்றம் வராதவர்மேல் விழும். பின்னதில் கூட்டி வர வேண்டியவர்கள்மேல் விழும்.

நிரந்தரமாக ஒரு நீதிபதி இருந்த காலத்தில் இதில் பிசகு வந்ததே இல்லை. அந்த அம்மா காதில் "கூட்டி வரலை" விழுந்ததும் பேனாவை மூடி வைப்பார். "ஜெயிலுக்குப் போன் போடுங்க" என்பார். சாயங்காலத்துக்குள் ஆள் வந்து நிற்பான். அவர் ஓய்வு பெற்ற பிறகு நாற்காலி காலியானது. அடுத்தவரை நியமிக்க வேண்டிய கோப்பு மேலே எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தது. எந்த மேஜை என்பதில் வக்கீல்களுக்குள் பந்தயமே நடந்தது. அதுவரைக்கும் பக்கத்துக் கட்டிட நீதிபதிக்குக் கூடுதல் பொறுப்பு. தன் கோர்ட் வேலையை முடித்துக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் வேர்க்க விறுவிறுக்க வந்து உட்காருவார். கெட்ட மனுஷர் இல்லை. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதைப் படித்து வாய்தா போடத்தான் அவருக்கு நேரம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கைதிகளைக் கூட்டி வருகிற வேலையை அரசாங்கம் ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்தது. புது வேன், புதுப் பெயிண்ட். கூட்டி வராத ஒவ்வொரு வாய்தாவுக்கும் கம்பெனி அபராதம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். கூட்டி வந்தார்களா இல்லையா என்பதற்குச் சாட்சி, கோர்ட்டின் பதிவு. அதாவது கிளார்க்கின் பேனா. அதாவது வெண்கலத்தின் வாய்.

கம்பெனி சூப்பர்வைசர் நீல நாடாவில் அட்டை தொங்க, மழமழவென்று ஷேவ் செய்த முகத்தோடு வருவார். வந்த புதிதில் எதுவும் கேட்கவில்லை. டவாலியின் மனைவிக்கு ஒரு தம்பி. லைசென்ஸ் வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் அக்கா வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் அதைப் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டு, "நம்ம வேன் ஓட்டட்டுமே" என்று அவனைச் சேர்த்துக்கொண்டார். அந்த மாதம் வீட்டில் மனைவி டவாலியிடம் சிரித்துப் பேசினாள். தம்பியை ஆளாக்கியது தானே என்று அவரும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

கேட்க வேண்டியதை அதற்குப் பிறகுதான் சூப்பர்வைசர் கேட்டார். டீக் கடை ஓரம்.

"உங்களைப் பொய் சொல்லச் சொல்லலைண்ணே. வண்டி போகாத அன்னைக்கு அந்தாள் கோர்ட்டுக்கு வந்தானா?"

"எப்படி வருவான்."

"அப்ப வரலைதானே. உள்ளதைச் சொல்லுங்க. கூட்டிச் சொல்லாதீங்க."

சொன்னதை அவரே ரசித்துச் சிரித்தார். டவாலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் தடவை அந்தச் சொல்லை விழுங்கியபோது, ஒரு படி குறைவான மாடிப்படியில் இறங்கியதுபோல நாக்கு தடுமாறியது. "வரலை ஐயா." கிளார்க் நிமிரவில்லை. பேனா ஓடியது. அப்புறம் நாக்கு பழகிக்கொண்டது. எல்லோருக்கும் அப்படிச் சொல்லவில்லை. வசதியான வக்கீல் வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி எப்படியாவது வேன் அனுப்பிவிடும். கேட்க நாதி இல்லாதவர்களுக்குத்தான் இந்த 'வரலை'.

அப்படி ஒருவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்க்கப் போன கட்டிடத்தில் செம்புக் கம்பி காணாமல் போனது என்று பிடித்துப் போட்டிருந்தார்கள். அவருக்கு ஒரே அக்கா. சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வராந்தா பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்காருவாள். முன்கையில் சூட்டுத் தழும்புகள் வரிவரியாக இருக்கும்.

"என்னண்ணே, இன்னைக்கும் வரலையா?"

"வரலைம்மா."

"போன தடவையும் வரலை."

"ஆமாம்மா."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் டவாலியை அரித்தது. பொய்யாக இருந்தால் வெளியே எடுத்துப் போட்டுவிடலாம். இது பாதி உண்மை, தொண்டையில் முள்ளாக நின்றது.

அடுத்த வாய்தாவில் அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பக்கத்தில் போய் நின்றார்.

"மனு போட்டு ஜெயில்ல பார்க்கப் போனேண்ணே" என்றாள். "ஏண்டா வர மாட்டேங்கறே, அக்கா அங்க நாய் மாதிரி காத்துக் கிடக்கறேன், என் மூஞ்சியப் பார்க்க அவ்வளவு வெட்கமா, அப்ப நீதான் எடுத்தியான்னு கேட்டுட்டேன். அவன் வாயத் திறக்கலை. முழிச்சு முழிச்சுப் பார்த்தான். இனிமே பார்க்க வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

டவாலி ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளே கிளார்க் மேஜையைத் தட்டினார். அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டும். அந்தப் பெயரை அன்று அவர் வாய்க்குள் சொல்லிப் பார்க்கவில்லை. கூப்பிட்டபோது குரல் பிசிறியது. "என்ன வெண்கலம், ஈயம் பூசணுமா?" என்றார் ஒரு வக்கீல்.

அதே வாரம் மெக்கானிக்கின் ஜாமீன் மனு வந்தது. இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீலுக்கு முகத்தில் மீசைகூட முழுசாக வளர்ந்திருக்கவில்லை. நீதிபதி காகிதத்தைப் புரட்டினார்.

"ஜெயில்ல இருக்கறவர் எப்படி ஆஜராகாம இருப்பார்?"

அரசு வக்கீல் எழுந்தார். "வேன்ல ஏற மறுக்கறாருன்னு கம்பெனி ரிப்போர்ட் இருக்குங்க ஐயா. கோர்ட் பதிவும் அதையேதான் சொல்லுது. ஆஜராகவில்லை, ஆஜராகவில்லைன்னு வரிசையா."

சட்ட உதவி வக்கீல் எதையோ தேடினார். காகிதம் ஒன்று கீழே விழுந்தது.

"உள்ளே இருக்கும்போதே கோர்ட்டுக்கு வராதவர், வெளியே விட்டா வருவாரா?" என்றார் நீதிபதி. கேள்வியில் கோபம்கூட இல்லை. மனு தள்ளுபடி. கதவருகே நின்றிருந்த டவாலி தன் தோளில் குறுக்கே ஓடும் சிவப்புப் பட்டையை எதற்கோ சரி செய்துகொண்டார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உள்ளே வந்து, ஐயா என்று கூப்பிட்டு, ஒரே ஒரு சொல். அடுத்த பெயரைக் கூப்பிட வராந்தா பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மச்சான் தட்டின் முன்னால் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தான்.

"எங்க ஷெட்டுக்கு ஒருநாள் வந்து பாருங்க மாமா. எல்லா வேனுக்கும் சேர்த்து டயர் ஒரு செட்டுதான். எந்தக் கைதி முக்கியமோ அந்த ரூட் வேனுக்குக் கழட்டி மாட்டுவோம். மத்ததெல்லாம் செங்கல் மேல குந்தியிருக்கும்."

மனைவி சிரித்தாள். டவாலி கேட்டார்: "வேன்ல ஏற மாட்டேன்னு எந்தக் கைதியாவது சொல்லியிருக்கானா, மாப்ளே?"

"ஏற மாட்டேன்னா?" அவனுக்குப் புரையேறிவிட்டது. "என்ன மாமா நீங்க. ஜன்னல் பக்கம் உட்கார அடிச்சுக்குவானுங்க. வெளிச்சத்தைப் பார்க்கற ஒரே நாள் அதானே."

"சாப்பிடுங்க, ஏன் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க" என்றாள் மனைவி.

அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

அடுத்த வாய்தாவுக்கு மெக்கானிக்கின் அக்கா வரவில்லை. பெஞ்சின் ஓரம் காலியாகக் கிடந்தது. சூப்பர்வைசர் மட்டும் உள்ளே கடைசி வரிசையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். டவாலி மெக்கானிக்கின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கூப்பிட்டார். உள்ளே திரும்பினார்.

"கூட்டி வரலை ஐயா."

பேனா ஓடியது. அருகில் போய்க் குனிந்து பார்த்தார். 'ஆஜராகவில்லை.' கிளார்க்கின் கைக்கும் பழகிவிட்டிருந்தது.

"நான் சொன்னது அது இல்லை. கூட்டி வரலைன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா, போ" என்றார் கிளார்க் மெல்ல.

"ஒண்ணு இல்லை."

சத்தம் கேட்டு நீதிபதி நிமிர்ந்தார். "என்ன அங்க?"

டவாலிக்கு நீதிபதியிடம் நேராகப் பேசிப் பழக்கம் இல்லை. கூப்பிடுவதுதான் அவர் வேலை. பேசுவது வேறு ஆட்களின் வேலை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஐயா, வரலைன்னா அது அவரு தப்பு. கூட்டி வரலைன்னா அது நம்ம தப்பு. எழுதினதுல அவரு தப்பா இருக்கு."

"இன்னைக்கா?"

"இத்தனை வாய்தாவும் ஐயா. ஒரு தடவைகூட அவரைக் கூட்டி வரலை. நான்தான் பாதியை முழுங்கிட்டுச் சொன்னேன்."

கடைசி வரிசையில் போன் சட்டைப் பைக்குள் போனது.

"ஏன் முழுங்கினீங்க?" என்று கேட்டார் நீதிபதி. பன்மையில் கேட்டார். அது இன்னும் சுட்டது.

"என் மச்சானுக்கு அந்தக் கம்பெனில வேலை ஐயா."

அன்றைக்கு அந்த நீதிபதியும் பேனாவை மூடி வைத்தார். ஜெயில் கண்காணிப்பாளரும் கம்பெனி அதிகாரியும் கைதியோடு மறுநாள் நேரில் வர வேண்டும் என்று உத்தரவானது. டவாலிக்கு விளக்கம் கேட்டு மெமோ. மச்சானுக்கு வேலை போனது. "போகட்டும் மாமா, சக்கரம் இல்லாத வண்டிக்கு டிரைவர் எதுக்கு" என்று அவன் சிரித்துவிட்டான். அவன் அக்கா சிரிக்கவில்லை; தட்டை வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள்.

உத்தரவான அன்றைக்கே டவாலி சலவைக் கூடத்தைத் தேடிப் போனார். உள்ளே ஒரே நீராவி. வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் அவள் நின்றிருந்தாள். அவர் பட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"உன் தம்பி வராம இல்லம்மா. கூட்டிட்டு வரலை. நாளைக்குக் கூட்டிட்டு வராங்க." நிறுத்திவிட்டு மீதியையும் சொன்னார். தன்னைப் பற்றிய மீதியை.

அவள் கேட்டுக்கொண்டே ஒரு விரிப்பை முழுசாகத் தேய்த்து மடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அவன் எடுத்தானான்னு நான் கேட்டுட்டேனேண்ணே" என்றாள். "அதை என்ன பண்றது?"

அவர் பட்டையை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். ஜாமீன் கிடைத்தது. அக்காவும் தம்பியும் வராந்தாவில் நடந்து போனார்கள். நடுவே இன்னொருவர் நடக்கிற அளவு இடைவெளி இருந்தது. கதவு நிலையைப் பிடித்தபடி நின்ற டவாலியைத் தாண்டும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பிக்கு அவர் யார் என்றே தெரியாது.

அந்த மெக்கானிக் சொல்லி, ரொம்ப நாள் கழித்துத் தெரியவந்தது இது: வண்டி வராத ஒவ்வொரு வாய்தா அன்றும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் ஜெயிலின் உள் கேட்டில் போய் நிற்பாராம். மத்தியானம்வரை நிற்கவிட்டு, வார்டர் வந்து ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்லித் திருப்பி அனுப்புவாராம்: "கோர்ட்ல இன்னைக்கு உன் பேரைக் கூப்பிடலையாம்."