ஷீலா வீட்டுக்குப் போன சூப்

சாட்சி சொல்றவங்க எல்லாரும் முதல்ல வியாதியைச் சொல்வாங்க. நான் என் பொறாமையை முதல்ல சொல்லிடறேன். வியாதி அப்புறம் வரட்டும். ஏன்னா அந்தப் பொறாமை வழியாத்தான் ஆண்டவர் என்னைப் பிடிச்சார்.

என் பேரு எஸ்தர். கிள்ளான்ல இருக்கேன். தினமும் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போறேன். வீட்டுக்காரர் போர்ட் கிள்ளான்ல கன்டேனர் லோரி ஓட்டுறார். எனக்கு ஒன்பது வருஷமா பைபோலார் வியாதி. சில நேரம் மனசு கட்டுக்கடங்காம மேல ஏறும், பேச்சு நிக்காது, தூக்கமே வேண்டாம். அப்புறம் தொப்புன்னு கீழ விழும். விழுந்தா பல்லு விளக்கக்கூட கை எழும்பாது.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள்ல நான் மேல ஏறிக்கிட்டு இருந்தேன். எனக்கு அது தெரியல. மூணு மணி நேரம் தூங்கினாப் போதும், உடம்பு பறக்குது. சண்டே ஸ்கூல் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் தனி ஆளா கேக் செஞ்சேன். ஆண்டவர் தொட்டுட்டார்னு நம்பி மாத்திரையை நிறுத்திட்டேன். ஈஸ்டர் ஆராதனையில சாட்சி நேரம் வந்ததும் ஓடிப்போய் மைக்கைப் பிடிச்சேன். "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்துட்டார், மாத்திரையெல்லாம் குப்பையில போட்டுட்டேன்"னு சொன்னேன். சபை முழுக்க கைதட்டுச்சு. என்ன வியாதி, என்ன மாத்திரைன்னு யாரும் கேக்கல. என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தார்.

பத்து வாரம்கூட ஆகல, விழுந்துட்டேன். அவ்வளவு கைதட்டல் வாங்கினவ திரும்ப எழுந்து, எனக்குச் சுகமாகலன்னு எப்படிச் சொல்வா? சொன்னா ஆண்டவர் பேரு கெட்டுப்போகும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கெட்டுப்போகும்னு நான் பயந்தது என் பேரை. அதனால என் மனநல டாக்டர்கிட்டயும் போகல. பக்கத்து கிளினிக்ல கேஸ்ட்ரிக்னு சொல்லி எம்.சி. வாங்கி கடைக்கு லீவு போட்டேன். வீட்டுல சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஏன் உயிரோட இருக்கோம்னு தோணும். அதை வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல.

அந்த நேரம் பார்த்துத்தான் ஷீலாவுக்கு மார்புல கட்டின்னு தெரிஞ்சது. ஷீலா என் ஓரகத்தி, கொழுந்தனார் பொண்டாட்டி. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆபரேஷன் முடிஞ்சு அவ வீட்டுக்கு வந்த அன்னைக்கே விரால் மீன் சூப் வர ஆரம்பிச்சது. நம்ம ஆளுங்களுக்குத் தெரியுமே, இங்க யாருக்கு ஆபரேஷன்னாலும் விரால் சூப்தான், அதைக் குடிச்சாத்தான் புண்ணு ஆறும்பாங்க. சபையில முன் பெஞ்சுல உக்காருற தங்கமணி ஆன்டி சூப்புன்னா தெருவே மணக்கும். பாசார் சந்தையில உயிர் மீனாப் பார்த்து வாங்கி, இஞ்சி தட்டிப் போட்டு, டிஃபன் கேரியர்ல ஊத்திக் கொண்டுவருவாங்க. முட்டி வலின்னு சொல்லி, பாதி வழியில இருக்கிற என் வீட்டு கேட்ல நின்னு, "பக்கத்துலதானே, நீயே ஷீலாகிட்ட கொடுத்துடு லா"ன்னு என் கையில திணிச்சிட்டுப் போயிடுவாங்க.

வயிறு எரிஞ்சது எனக்கு. நானும்தான் சாகக் கிடக்குறேன். எனக்கு ஒரு ஸ்பூன் சூப் உண்டா? சபை வாட்ஸ்அப் குரூப்ல நாள் பூரா ஷீலா, ஷீலா, ஷீலா. அவ தலையில கட்டியிருந்த துணிகூட எனக்குப் பொறாமையா இருந்தது. பார்த்தவுடனே நோயாளின்னு தெரியுதே! ஒரு நாள் கேரியர் மூடியைத் திறந்து, நின்னுக்கிட்டே அரை கிண்ணம் குடிச்சேன். அப்புறம் சுடுதண்ணி ஊத்தி அளவைச் சரி பண்ணி அவகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்னைக்கு நான் பண்ணின ஜெபத்தை எழுதவே கை கூசுது. ஆண்டவரே, எனக்கும் ஒரு கட்டி கொடுங்க, ஸ்கேன் எடுத்தா தெரியற மாதிரி ஒண்ணு கொடுங்கன்னு கேட்டேன். வாரக்கணக்கா கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சூப்போட போனேன். ஷீலா சோபாவுல சாய்ஞ்சிருந்தா, முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். ரெண்டு கீமோ முடிஞ்சிருந்தது. மூணாவதுக்கு இனிமே போகப்போறதில்லன்னு சொன்னா. புருஷன்கிட்டகூட இன்னும் சொல்லலியாம், முதல்ல என்கிட்டதான் சொல்றாளாம். எதுக்குன்னு கேட்டேன். ஃபோனை எடுத்து ஒரு பட்டனைத் தட்டினா. ஈஸ்டர் அன்னைக்கு நான் சொன்ன சாட்சி, யாரோ ரெக்கார்டு பண்ணி குரூப்ல போட்டது. என் குரல்.

"தினமும் இதைத்தான் கேக்குறேன்க்கா. உங்களுக்குச் செஞ்சவர் எனக்குச் செய்ய மாட்டாரா?"

அந்தக் குரலை நான் அதுவரைக்கும் வெளியில இருந்து கேட்டதில்ல. மூச்சு விடாம, ஒரு வாக்கியத்தை முடிக்காம அடுத்ததுக்குத் தாவித் தாவி ஓடுது. அதுல பேசினது என் வியாதின்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. அந்தக் குரலை நம்பி இவ கீமோவை விடப் போறா. ரெண்டு பிள்ளைங்களோட அம்மா.

அப்பவும் என் மனசு என்ன சொல்லுச்சு தெரியுமா? சும்மா இரு. நீயா விடச் சொன்னே? அவளும் கொஞ்சம் விழுந்து பார்க்கட்டும். சத்தியமா இப்படித்தான் தோணுச்சு. எனக்கே பயமாப் போச்சு. கிண்ணம் எடுக்கிற மாதிரி அவ சமையல்கட்டுக்குப் போய், சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பெரிய ஜெபமெல்லாம் வரல. ஆண்டவரே, என் வாயைத் திறங்கன்னு மட்டும் கேட்டேன். வெளிய வந்தேன்.

"ஷீலா, நான் சுகமாகல. அன்னைக்கு எனக்கு வியாதி முத்தியிருந்துச்சு. இப்ப மூணு மாசமா தினமும் சாகணும்னு தோணுது."

எல்லாத்தையும் சொன்னேன். கட்டி கேட்டு ஜெபம் பண்ணினதையும் சொன்னேன். சூப்புல தண்ணி ஊத்தினதையும் சொன்னேன். கட்டிப்பிடிச்சு அழுவான்னு நினைச்சீங்களா? ஃபோனை சோபாவுல வீசிட்டா. அப்ப ஏன் அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டுக் கேட்டு அழுதா. கிளம்பலாம்னு எழுந்தப்ப என் கையைப் பிடிச்சா, வலிக்கிற அளவுக்கு.

"புதன்கிழமை எனக்கு கீமோ. நீங்க உங்க டாக்டரைப் பாருங்க, நான் என் டாக்டரைப் பார்க்குறேன். நீங்க வரலன்னா நானும் போகமாட்டேன்."

புதன்கிழமை கொழுந்தனார் கார்ல மூணு பேரும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவ ஒரு பிளாக், நான் ஒரு பிளாக். என் டாக்டரம்மா மலாய்க்காரங்க. மாத்திரையை எப்ப நிறுத்தினேன்னு கேட்டாங்க, சாகணும்னு தோணுறதைப் பத்தியும் நிதானமாக் கேட்டாங்க. திட்டல. மருந்தை மாத்திக் கொடுத்து, அடுத்த வாரமே திரும்ப வரச் சொன்னாங்க. மாத்திரையை அன்னையிலிருந்து வீட்டுக்காரர் கையாலதான் எடுத்துக் கொடுத்தார். ஒரே நாள்ல எதுவும் மாறல. ரொம்ப நாள் கழிச்சு ஒரு காலையில கொமுட்டர்ல ஒருத்தர் ஃபோனைச் சத்தமா வச்சு வீடியோ பார்த்துக்கிட்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. அட, எரிச்சல் வருதே! மாசக்கணக்கா அதுகூட வரல. ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே வேலைக்குப் போனேன்.

அப்புறம் பாஸ்டர்கிட்ட மறுபடியும் மைக் கேட்டேன். யோசிச்சுத்தான் கொடுத்தார். ஈஸ்டர்ல சொன்னது தப்புன்னு சொன்னேன். வியாதியோட பேரைச் சொன்னேன். யாரும் கைதட்டல. சூப் விஷயத்தையும் சொன்னப்ப தங்கமணி ஆன்டி என்னையே வெறிச்சுப் பார்த்தாங்க. அவமானம் தாங்காம கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கேட்ல சத்தம். ஆன்டி ரெண்டு கேரியரோட நிக்கிறாங்க.

"இது ஷீலாவுக்கு. இது உனக்கு. உனக்குப் புண்ணு எங்கன்னு எனக்குத் தெரியலம்மா. எனக்குத் தெரிஞ்ச சூப்பை வச்சேன்."

கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவங்க முட்டியைத் தடவிக்கிட்டே, இனிமே தண்ணி ஊத்தாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

இன்னைக்கு ஷீலாவுக்கு கீமோ முடிஞ்சு முடி வளருது, என் முடியைவிட அடர்த்தியா. அதுக்கும் எனக்குப் பொறாமைதான், அவகிட்டயே சொல்லிட்டேன், சிரிக்கிறா. என் வியாதி போகல. திரும்பவும் ஏறுவேன், விழுவேன், தெரியும். ஆனா கட்டி கேட்டவளுக்குக் கட்டி கொடுக்காம வாயைத் திறந்துவிட்ட தேவன் என் தேவன், அவருக்கு நன்றி. உங்கள்ல யாராவது விழுந்து கிடந்தா, மாத்திரையை நிறுத்தாதீங்க. அதைக் கையில வச்சுக்கிட்டே ஜெபம் பண்ணுங்க, அவர் கேக்குறார். எழுந்து யார்கிட்டயாவது சொல்லுங்க. யாருமே இல்லன்னா கிள்ளானுக்கு என் வீட்டுக்கு வாங்க. விரால் சூப் வைக்கக் கத்துக்கிட்டேன்.