அடுத்த வீட்டுக்கு வந்தவன்

இன்ஜெரா அப்பத்துக்கு மாவை அடுப்புத் தட்டில் வட்டமாகச் சுழற்றி ஊற்றும்போது லெட்டாயின் கண் மாவில் இருக்காது, அடுத்த வீட்டு மதிலில் இருக்கும். பழகிய கை, ஒரு சொட்டு சிந்தாது. மெக்கெலே நகரில் அந்தத் தெரு முழுக்க அவள் சுடுவதைத்தான் தின்கிறது.

"இன்னிக்கும் கோழிக்குழம்பு! ஒத்தக்கால் பிள்ளைக்கு எத்தனை கோழிடி வேணும்?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அப்ரெஹெத். அவள் மகன் கிப்ரோமும் லெட்டாயின் மகன் அவெட்டும் ஒரே நாளில் துப்பாக்கி தூக்கி மலைக்குப் போனவர்கள், ஒரே படைப்பிரிவு. சமாதானம் கையெழுத்தானதும் கிப்ரோம் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தான். அவெட்டைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

"ஆட்சி மாறிச்சு. பேங்க் தொறந்துச்சு, போன் வந்துச்சு, கரண்ட் வந்துச்சு. என் பிள்ளைக்கு மட்டும் வழி தெரியலையாக்கும்" என்பாள் இன்ஜெரா வாங்க வருகிறவர்களிடம்.

மகன் வந்த சந்தோஷத்தில் அப்ரெஹெத் புதிதாகப் பின்னல் போட்டு, தலை நிறைய வெண்ணெய் தடவிக்கொண்டாள். "கல்யாணப் பொண்ணுன்னு நெனப்பு!" லெட்டாய்க்கு வயிறு எரிந்தது. காபிக்குக் கூப்பிட்டால் போவாள். ஆனால் இரண்டாவது கோப்பையோடு எழுந்துவிடுவாள். மூன்றாவதுதான் ஆசீர்வாதக் கோப்பை.

"அதைக் குடிக்காமப் போகக் கூடாதுக்கா."

"மாவு பொங்கிடும்டி. உன் வீட்டு ஆசீர்வாதம் உன் வீட்டுலயே இருக்கட்டும்."

பாவமன்னிப்புக்குப் போனபோது சாமியாரிடம் ஒளிக்கவில்லை. "பொறாமைதான் சாமி. அவன் நொண்டி நொண்டி நடந்தாலும் பத்திக்கிட்டு வருது, சிரிச்சாலும் பத்திக்கிட்டு வருது." ஐம்பது முறை விழுந்து கும்பிடச் சொன்னார். நாற்பது வரைக்கும் மதிலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

ஒன்றை மட்டும் அவள் கிப்ரோமிடம் கேட்டதே இல்லை. அவன் தெருவில் எதிர்ப்பட்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவாள். இன்ஜெராவையும் மதிலுக்கு மேலாகவே நீட்டிவிடுவாள்.

போன வியாழக்கிழமை அவனே வந்தான். கேட்காமலே முக்காலியில் உட்கார்ந்தான்.

"அம்மா, சொல்லாதேன்னு எங்கம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. ஆனா உங்களுக்குத் தெரியணும். அவெட்டை நான்தான் என் கையால…"

லெட்டாய் தட்டிலிருந்து ஒரு துண்டைச் சுடச்சுடப் பிய்த்தாள். மிளகாய்ப் பொடியில் புரட்டி அவன் வாயில் திணித்தாள். கையால் ஊட்டுவதை அந்த ஊரில் யாரும் மறுக்க முடியாது. ஒரு வாயோடு நிறுத்தினால் பகை என்று மூன்று வாய் ஊட்டுவார்கள்.

அவன் கண்ணில் நீர் வழிய மென்றான். "அம்மா…"

"தின்னு." இரண்டாவது.

"அம்மா, நான் சொல்றதை…"

மூன்றாவது.

வழக்கத்துக்கு மூன்று போதும். லெட்டாய் விரல் சுட நான்காவதைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.