நடு ஆற்றில் நின்ற இரண்டு ஓடங்கள்

ஈரக் கயிறும் காய்ந்த மீனும் தாரும் கலந்த ஒரு மணம், மண்முனைத் துறையில் ஓடத்துக்குள் கால் வைத்ததும் முகத்தில் அடிக்கும். யுத்தம் தொடங்குவதற்கு முந்திய அந்த வருடங்களில், அம்மாவும் நானும் வெள்ளிக்கிழமை தோறும் அதில் ஏறி, ஊரார் ஆறு என்றே சொல்லும் வாவிக்கு மேற்கே, நாங்கள் 'படுவான்கரை' என்று சொல்லும் மறுகரைக்குப் போய்வந்தோம். அங்கேதான் என் அண்ணன் இருந்தான். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழவேண்டும். அண்ணனோ, அப்பா எங்கள் கரையிலேயே தன் தங்கை மகளைப் பேசிவைத்திருந்ததை மீறி, கொக்கட்டிச்சோலைத் திருவிழாவில் கண்ட பெண்ணை முடித்துக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டான்.

அப்பா துறைவரை வந்து எங்கள் பெட்டியை ஓடத்தில் ஏற்றிவைப்பார். "நீங்களும் வாங்களன்" என்று அம்மா கேட்டால், "ஆத்தைக் கடந்து போனவன் அவன்தானே. நான் ஏன் கடக்கோணும்?" என்பார். மாலையில் திரும்பும்போது அதே இடத்தில் நிற்பார், ஒன்றும் கேட்கமாட்டார். அம்மாவோ அவர் காதில் விழும்படி என்னிடம், "கொண்ணன் நல்லா மெலிஞ்சு போனான், என்ன புள்ள" என்பார்.

நெல் மூட்டை, தயிர்ச் சட்டி, கால் கட்டிய கோழி எல்லாவற்றுக்கும் நடுவே ஆட்கள் குந்தியிருக்க, ஓடக்காரர் கந்தப்பர் கரையோரத்தில் கம்பு ஊன்றி, ஆழம் வந்ததும் தண்டு வலிப்பார். நடு ஆற்றில் மறுகரையின் ஓடம் எங்களைக் கடக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு ஓடத்தாரும் மழையையும் விளைச்சலையும் விசாரித்துக்கொள்வார்கள். அம்மா மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். அண்ணன் அதில் ஒருநாளும் வந்ததில்லை. அப்பா கூப்பிடாமல் வருவதில்லை என்று அவனும் பிடிவாதமாக இருந்தான்.

அண்ணிக்கு மாதம் நிறைந்திருந்தபோது மாரிவெள்ளம் வந்து ஓடம் நின்றுவிட்டது. வாரக்கணக்காக ஒரு சேதியும் இல்லை. அம்மா தினமும் என்னையும் கூட்டிக்கொண்டு துறைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்து நின்றார். சில நாட்களில் எங்களுக்கு முன்பே அப்பா அங்கே நின்றிருப்பார்.

ஓடம் மறுபடி ஓடிய காலை, பெட்டியை ஏற்றிவைத்த அப்பா இறங்கவில்லை. அம்மா அவருக்கு இடம் விட்டுத் தள்ளி இருந்தார்.

நடு ஆற்றில் எதிர் ஓடம் நெருங்கியது. அதில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். மார்போடு ஒரு துணிச் சுற்று. பக்கத்தில் அண்ணி, வெளிறிப்போய். தண்டுகள் நின்றன. இரு பக்கத்து ஆட்களும் எட்டி, ஓடங்களைச் சேர்த்துப் பிடித்தார்கள்.

அப்பா கைகளை நீட்டிக் குழந்தையை வாங்கித் தன் சால்வையால் மூடினார்.

"எப்ப பொறந்த?"

"வெள்ளம் ஏறின அண்டைக்கு. தாய் பிழைப்பாவோ எண்டு கிடந்த, அப்பா. சொல்லியனுப்ப ஓடம் இல்ல."

அப்பா குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடம் இருந்த காலத்தில நான் வரல்லியே, மனெ" என்றார்.

கந்தப்பர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "காத்து மாறுது. ஆர் எந்தக் கரைக்கெண்டு சொல்லுங்க" என்றார்.

"அங்கால போவம்" என்றார் அப்பா. "மருமகள்ர வாசலை நான் இன்னும் மிதிக்கல்ல."

அண்ணனும் அண்ணியும் எங்கள் ஓடத்துக்கு மாறினார்கள். கரை சேரும்வரை அப்பா குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை.

இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது. ஓடங்கள் இல்லை, இரண்டு கரையின் ஆட்களும் கண்ணாடி ஏற்றிய வாகனங்களில் ஒருவரை ஒருவர் பாராமல் கடக்கிறார்கள். போன மாதம் வான் வண்டியில் போகும்போது கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். "நடுவில நிப்பாட்ட ஏலா, பெரியம்மா" என்றான் சாரதி. தண்ணீரைச் சரியாகப் பார்ப்பதற்குள் படுவான்கரை வந்துவிட்டது. யுத்தம் அண்ணன் வீட்டையும் கொண்டுபோன பிறகு, அங்கே நான் இறங்கிப் போக எனக்கு ஒரு வீடும் இல்லை.