துறைச் சந்தியில் நின்ற வேன்

யுத்த காலம், பெற்றோலுக்குக் கூப்பன். ஆவியாகக்கூட வீணாகக் கூடாதென்று, என் பழைய வேனின் பெற்றோல் தாங்கி மூடியிலிருந்த சிறு துளையை அன்று காலைதான் மெழுகால் அடைத்திருந்தேன்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒரு வேளாண்மைக்காரரை அன்று குருக்கள்மடத்துக்கு ஏற்றிப் போனேன். உடலருகே அவர் மனைவி மட்டும், கண்ணீரில்லாமல் உட்கார்ந்திருந்தார். கல்லடிப் பாலம் தாண்டியதும் வேன் இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றது. காபரேட்டரைக் கழற்றித் துடைத்தேன், ஓடியது. ஆரையம்பதியில் ஒரு கோயிலடியில் மறுபடியும் நின்றது.

“கும்பிடாமப் போகமாட்டாரு மனே. அவர்தான் நிக்காரு,” என்றார் அந்த அம்மா, கணவரின் முகத்தைப் பார்த்தபடி.

பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் விளங்கியது. காற்றுப் புக வழியில்லாததால் பெற்றோல் எஞ்சினுக்கு இறங்கவில்லை. முதலில் ஓடியதும் என் துடைப்பால் அல்ல. நின்ற நேரத்தில் கொஞ்சம் காற்றுக் கசிந்ததால்தான். மெழுகைச் சுரண்டி எடுத்தேன். அதன்பின் வேன் ஒரு குலுக்கலுமின்றி ஓடியது.

குருக்கள்மடம் நெருங்கியபோது அந்த அம்மா கணவரின் நெஞ்சில் கைவைத்தார்.

“வயல் வட்டைக்குத் தோணி ஏறுற துறைச் சந்தி வருகுது. இதிலயும் நிப்பாரு மனே.”

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சந்தி வந்ததும் நானே அதை நிறுத்தினேன்.

அவர் வாவிப் பக்கம் திரும்பி, அன்று முதன்முதலாக அழுதார். அழுது முடியும்வரை காத்திருந்தேன்.

வாகனம் திருத்துபவனாக எத்தனையோ பேருக்கு அவரவர் வண்டியின் கோளாறை விளக்கியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை.