மதினி ஊருக்குப் போன பிறகு வந்த வண்டிகள்

அம்பாசமுத்திரத்தில் உங்கள் பெரியம்மாவைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு முன்னால் தெரு அடைய நின்ற ஆட்டோக்களை நீங்கள் இரண்டு பேரும் பார்த்தீர்கள். எல்லாம் பாளையங்கோட்டை வண்டிகள். சேதி கேட்டு ஒருநாள் ஓட்டத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். காக்கிச் சட்டையோடு இறங்கி, செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, தலைமாட்டில் போய் நின்று அழுதார்கள். ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் அந்த வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். திரும்பி வரும்போது பஸ் கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியதும் மூத்தவள் என்னைக் கேட்டாள்: “இத்தன பேரு இப்படி அழுதாவளே, அப்பா. இம்புட்டுப் பிரியம் இருந்தா, பெரியம்மா ஏன் கடைசி வரைக்கும் நம்ம வீட்டுக்கு வரல?” பக்கத்து சீட்டில் ஆள் இருந்தது. “வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன்” என்றேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெரியம்மா இங்கே இருந்தபோது மூத்தவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். உங்களுக்கு அவ்வளவாக நினைவு இருக்காது. சீவலப்பேரி ரோட்டில் நம் ஆட்டோ மெக்கானிக் கடை அப்போதும் இதே இடம்தான். முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் வீடு, நடுவில் ஒரே ஒரு கதவு. கடையை ஆரம்பித்தது உங்கள் பெரியப்பா, என் அண்ணன். நான் அண்ணனிடம் வேலை பழகி, கூடவே நின்றவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. உங்களை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பெரியம்மா அடுப்படி வேலை முழுவதும் பார்ப்பார். மண்ணெண்ணெய் வாசனைக்குச் சின்னவன் தூங்குவான், சாம்பிராணி வாசனைக்கு அழுவான். “மெக்கானிக் வீட்டுப் பிள்ளைலா” என்று பெரியம்மா சிரிப்பார்.

அந்தக் காலத்து ஆட்டோவுக்குச் சாவி போட்டுத் திருப்புகிற வேலையெல்லாம் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையோடு ஒரு இரும்புப் பிடி இருக்கும். அதைப் பிடித்து மேலே இழுத்தால்தான் எஞ்சின் பிடிக்கும். கடை திறந்த புதிதில், எஞ்சின் இறக்கிப் பார்த்த முதல் வண்டி என்ன செய்தும் பிடிக்கவில்லையாம். அண்ணன் இழுத்து, டிரைவர் இழுத்து, வேடிக்கை பார்த்தவர்கள் இழுத்து, எல்லோருக்கும் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். டீ கொண்டுவந்த மதினி, உங்கள் பெரியம்மாதான், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “தள்ளுங்க, நான் ஒரு இழு இழுக்கேன்” என்று இழுத்திருக்கிறார். வண்டி பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் கடையில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. எஞ்சினைப் பிரித்து மாட்டிய எந்த வண்டிக்கும் முதல் இழுப்பு மதினியுடையது. அண்ணன் கதவைப் பார்த்து, “ஏட்டி, வா, உன் சம்பந்தி காத்துக் கெடக்கான்” என்று டிரைவரைக் கேலி செய்து சத்தம் கொடுப்பார். மதினி ஈரக்கையை முந்தியில் துடைத்துக்கொண்டே வருவார். மதினி கை பட்டால் வண்டி நடுவழியில் நிற்காது என்று டிரைவர்கள் சொல்வார்கள். சிலபேர் ஒரு முழம் பூ வாங்கி வந்து கொடுத்துவிட்டு வண்டியை எடுப்பார்கள். அவர் அடுப்பில் வேலையாக இருந்தாலும் காத்திருப்பார்களே தவிர, வேறு ஆளை இழுக்க விடமாட்டார்கள்.

அண்ணன் இறந்தது ஒரு முற்பகலில். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, “வாயு பிடிச்சிருக்குலே, ஒரு சோடா வாங்கு” என்றார். நான் சோடாவோடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். கடையில் நின்ற ஒரு டிரைவர்தான் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பாதி வழியிலேயே என் மடியில் அண்ணன் கை கனத்துவிட்டது. ஆற்றங்கரைக்கு அவரைக் கொண்டுபோனபோது ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் டிரைவர்கள்தான் கொட்டகையில் படுத்து எனக்குத் துணை இருந்தார்கள். அவர்கள் பிரியத்தில் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. இதைப் படிக்கும்போது நீங்களும் அதை மறக்கக் கூடாது.

மதினி யார் முன்னாலும் அழவில்லை. கிரைண்டர் சத்தம் மட்டும் அடிக்கடி கேட்டது. தினமும் எதற்கு இவ்வளவு மாவு என்று உங்கள் அம்மா அடுப்படியில் போய்ப் பார்த்தால், கிரைண்டர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மதினி அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறார். உங்கள் அம்மா சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு கிரைண்டர் சத்தம் கேட்டால் நாங்கள் யாரும் அடுப்படிப் பக்கம் போவதில்லை.

கடையைத் திரும்பத் திறந்து நான் முடித்த முதல் எஞ்சின், அண்ணனோடு தினமும் டீ குடிக்கிற ஒரு டிரைவருடையது. மூடியை மாட்டி முடித்தேன். பழக்கம் யாரை விட்டது. நானும் கதவைப் பார்த்தேன், அவரும் கதவைப் பார்த்தார். மதினி உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. கையை முந்தியில் துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் சட்டென்று குனிந்து டயரைப் பார்த்தார். “அண்ணாச்சி, நீங்களே இழுத்துருங்க. அக்காவுக்கு எதுக்குச் சிரமம்” என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது. மதினிக்குக் கேட்டது. உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கிரைண்டர் ஓடியது.

அடுத்து வந்தவர் வேதக்காரர், கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர், நல்லநேரம் கெட்டநேரம் பார்க்காதவர். அவர் தயங்கமாட்டார் என்று நான் நம்பியிருந்தேன். “நான் ஜெபம் பண்ணிட்டு எடுத்துக்கிடுதேன், அண்ணாச்சி” என்று அவரும் தரையைப் பார்த்தார்.

ஆளை மாற்றிவிடலாம் என்று அதற்கடுத்த வண்டிக்கு உங்கள் அம்மாவை இழுக்கச் சொன்னேன். “அக்கா கை வச்ச எடத்துல நான் கை வைக்கமாட்டேன். வேற ஆளப் பாருங்க” என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டாள். மதினிதான் அவளை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். “போ, ஏட்டி. வீட்டுப் பொம்பள கைதான் வேணும். யாரு கையா இருந்தா என்ன?” உங்கள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தாள். இருமிவிட்டு நின்றது. புதிதாக மாட்டிய எஞ்சின் ஒரே இழுப்பில் பிடிக்காதது சாதாரணம். ஆனால் வண்டிக்காரர் முகத்தில் இருந்த ரத்தம் போய்விட்டது. கடைசியில் நான் இழுத்துத்தான் வண்டி கிளம்பியது. உங்கள் அம்மா பிடியைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்கே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

அந்த வாரத்திலிருந்து வண்டி வரத்துக் குறைந்தது. ஆட்டோக்கள் எங்கள் கடையைத் தாண்டும்போது மட்டும் வேகம் பிடித்தன. டிரைவர்கள் ரோட்டின் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே போனார்கள். பஞ்சர் ஒட்டவும் பிரேக் கட்டவும் வெளியூர் வண்டி ஒன்றிரண்டு வந்தது. என்னோடு இருந்த மெக்கானிக் வேறு இடம் பார்த்துக்கொண்டான். காலையில் கொட்டகையைக் கூட்டுவேன், சாமான்களைத் துடைத்து அடுக்குவேன், மத்தியானம் மறுபடியும் துடைப்பேன். வீட்டில் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும்தான். மதினி தனக்குப் பசியில்லை என்று அடிக்கடி சொல்லத் தொடங்கினார். உங்கள் அம்மா அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, அவர் சாப்பிடும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு சாயந்திரம் ஸ்டாண்டுத் தலைவர் நடந்தே வந்தார். வண்டியை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார். நான் கொடுத்த ஸ்டூலில் உட்காரவில்லை.

“எங்க பேர்ல கோவப்படாதீரும். மதினி எங்களுக்குச் சாமி மாதிரி. அவ வந்து நிக்கும்போது வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல, சரின்னு சொல்லவும் பயமா இருக்கு. வண்டிக்குள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளையள ஏத்திக்கிட்டுல்லா போறோம். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்கன வரச் சொல்லுதீரு?”

“மூஞ்சி இல்லாதவங்க முக்காடு போட்டுட்டு வரலாம்லா” என்று உள்ளேயிருந்து உங்கள் அம்மா சத்தம் போட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் முதல் இழுப்பையே நிப்பாட்டிருதேன். இனி யாரும் இழுக்க வேண்டாம். நீங்களே உங்க வண்டிய எடுத்துக்கிடுங்க” என்றேன்.

“அது முடியாதுவே. அவ கதவுல நின்னாலே கண்ணு அங்கனதான் போவுது. எங்களுக்கும் குத்துது, அவளுக்கும் குத்துது. கொஞ்ச நாளைக்கு ஊர்ல போய் இருந்துட்டு வரட்டும். அவ மனசுக்கும் ஆறுதலா இருக்கும்லா.”

“இது அவுங்க வீடு. நான்தான் இங்கன ஒட்டிக்கிட்டு இருக்கேன். இனி இந்தப் பேச்ச எடுக்காதீரும்” என்றேன். அவர் திரும்பிப் போகும்போது கதவுக்குப் பின்னால் வளையல் இல்லாத ஒரு கை தாழ்ப்பாளைப் பையப் போடுவதைப் பார்த்தேன். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

மூன்று நாளைக்கு மதினி வழக்கம் போலவே இருந்தார். நாலாம் நாள், அம்பையில் இருக்கிற தன் அண்ணன் மனைவிக்கு முட்டுவலி என்றும், நடுகை நேரம் ஆதலால் வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் இல்லை என்றும் சொன்னார். “ஒரு மாசம் இருந்துட்டு வாரேன், தம்பி.” எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவுக்கும் தெரியும். அவள் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, “போனா எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள். மதினி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, “பிள்ளையளுக்கு என்னத்தட்டி திங்கக் குடுப்ப?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகச் சேலைகளை எல்லாம் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ஒரு கைப்பையோடு பஸ் ஏறினார். போகும்போது சின்னவன் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

அந்த வாரமே முதல் வண்டி வந்தது. “மதினி ஊருக்குப் போயிருக்காவளாமே, சொகமா இருக்காவளா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு டிரைவர் வண்டியை உள்ளே விட்டார். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. எல்லோரும் மதினியைத்தான் முதலில் விசாரித்தார்கள், உண்மையான அக்கறையோடு. நான் ஸ்பேனரை எடுத்து வேலை பார்த்தேன். உங்கள் அம்மா மட்டும் அவர்களுக்கு டீ போட மறுத்துவிட்டாள். இன்றுவரை டீ டீக்கடையிலிருந்துதான் வருகிறது. காரணம் தெரியாமல் நீங்கள் அவளைக் கேலி செய்திருக்கிறீர்கள்.

மாசம் ஒன்று வருஷம் ஒன்றானது. கடை நிமிர்ந்துவிட்டது, இனி என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிய பிறகு நான் அம்பைக்குப் போனேன். மதினி முற்றத்தில் அவித்த நெல்லைக் காலால் கிண்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். தண்ணீர்ச் செம்பை நீட்டியவர் என் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். நகக்கண்ணெல்லாம் கறுப்பாக, ரேகைக்குள் கிரீஸ் ஏறி, எத்தனை தேய்த்தும் போகாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் முகம் விரிந்தது.

“கடை ஓடுதுல்லா.”

“ஓடுது. உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன், மதினி. பிள்ளையள் உங்களத் தேடுது.”

“கூப்பிட்டியே, அதுவே போதும். நான் வந்தா இந்தக் கை வெளுத்துரும், தம்பி. வெளுத்த கைய வச்சிக்கிட்டு நீ உக்காந்திருந்தத நான் பாத்தாச்சு. இன்னொருக்கப் பாக்க முடியாது.”

நான் எவ்வளவோ சொன்னேன். ஊர்க்காரர்கள் மனம் மாறிவிட்டது என்று பொய்கூடச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சோறு போட்டார், மறுசோறும் போட்டார். உங்களுக்கென்று அதிரசம் கட்டிக் கொடுத்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, “பஸ்ஸ்டாப்பு வரைக்கும் வாங்களேன்” என்றேன். அவர் பின்கட்டு நிலையைத் தாண்டவில்லை. “நீ முன்னால போ. போற ஆளுக்கு நான் எதுக்க நிக்கக் கூடாது” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. குடை எடுத்துக்கொள் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். தெரு திரும்பும் இடத்தில் நின்று நான் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. எனக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாது என்று, நான் போய்ச் சேரும் அளவுக்கு நேரம் கழியட்டும் என்று, உள்ளேயே நின்றிருக்கிறார்.